இரண்டு கேஸ்கட்டும் ஏன் நிற்கவில்லை: ஒரு 150 சிசி வண்டியின் சைலன்சர் லீக்

வண்டி 2018 மாடல் பைக், பி.எஸ்.4 (புகை மாசு விதியின் நான்காம் கட்டம்), 150 சிசி, ஏர்கூல்டு, கார்புரேட்டர். 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பெரும்பகுதி தூத்துக்குடி உப்புக்காற்றில். புகார் மூன்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் தலைப்பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம். ஓட்டத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் பட்டாசு. சிக்னலில் நிற்கும்போது வலது முழங்காலில் சூடாக ஏதோ ஊதுகிறது.

நான்கு மாதத்தில் இரண்டு பட்டறை பார்த்தாகிவிட்டது. இரண்டிலும் சைலன்சர் கேஸ்கட் (என்ஜின் ஹெட்டுக்கும் சைலன்சர் பைப்புக்கும் நடுவில் நசுங்கி உட்காரும் செப்பு ரிங்) புதிதாகப் போட்டிருக்கிறார்கள். முதல் இடத்தில் கூடவே டேப்பட்டையும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைக்கும் திருகு) இறுக்கியிருக்கிறார்கள்; அடுத்த இடத்தில் காலரை (பைப் வாயை ஹெட்டோடு சேர்த்து இறுக்கும் இரும்புப் பட்டை) சுற்றிச் சிவப்புப் பசை அப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நாள் தாங்கியது, பிறகு பழைய கதை. மூன்றாவதாக ஒரு கேஸ்கட் போட்டுத் தரச் சொல்லித்தான் வண்டி மூன்றாவது பட்டறைக்கு வந்தது. அந்த ரிங்குக்கு ஒரு வேளை டிபன் காசுகூட ஆகாது. அதை நசுக்கிக்கொண்டே இருப்பது எது என்று தேடுவதில்தான் வேலை முழுவதும் இருந்தது.

டேப்பட்டா, லீக்கா?

இரண்டு சத்தமும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன் சுற்றும் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறை திறக்கிறது. 1,400 ஆர்பிஎம் ஐடிலில் டேப்பட் தட்டினாலும் நிமிடத்துக்கு 700, கேஸ் ஊதினாலும் நிமிடத்துக்கு 700. எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கவே முடியாது.

சூட்டையும் லோடையும் வைத்துப் பிரிக்கலாம். லீக் சத்தம் குளிர்ந்த என்ஜினில் கூர்மையாக இருக்கும்; ஐந்தாறு நிமிடத்தில் உலோகம் விரிந்து இடைவெளி குறைந்ததும் மங்கும்; பின்னால் ஆள் ஏற்றி மேம்பாலம் ஏறும்போது மறுபடி தலைதூக்கும். டேப்பட் சத்தத்துக்கு லோடு ஒரு பொருட்டே இல்லை. சூடேறினாலும் அடங்காது, அலுமினிய என்ஜினில் கொஞ்சம் கூடவும் செய்யும்.

இந்த வண்டியில் முதல் பட்டறை லீக் சத்தத்தை டேப்பட் என்று எடுத்துக்கொண்டு இடைவெளியைக் குறைத்துவிட்டது. எக்ஸாஸ்ட் பக்கம் 0.10 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.05-க்கே இறுகியது. இது சின்ன விஷயம் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடி சீட்டில் (ஹெட்டில் அது அமரும் வளையம்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. இடைவெளி போதாமல் சரியாக உட்காராவிட்டால் அந்த விளிம்பு எரிந்துபோகும். ஐம்பது ரூபாய் லீக்கைத் தேடப்போய் ஹெட்டைக் கழற்ற வேண்டிய நிலை அப்படித்தான் வரும். அதனால் முதலில் என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கம்ப்ரஷன் டிடிசியில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) வைத்து, டேப்பட் 0.10-க்குத் திருப்பப்பட்டது. 'டிக் டிக்' அப்படியே இருந்தது.

ஊதும் இடத்தைக் கண்டுபிடித்தது

திறந்த வெளியில், குளிர்ந்த வண்டியில்தான் எல்லாச் சோதனையும். மூடிய ஷெட்டில் ஓடும் என்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டு லீக் தேடுவது கார்பன் மோனாக்சைடை மூக்கருகில் வைத்து மோந்து பார்ப்பது மாதிரி. அதற்கு வாசமும் கிடையாது.

கண்ணுக்கு முதலில் தெரிவது கரி. காலரும் ஹெட்டும் சேரும் இடத்தில் டார்ச் அடித்தால், மேல் இடது பக்கத்திலிருந்து ஹெட்டின் கூலிங் ஃபின் மேல் ஒரு கறுப்பு வால் நீண்டிருந்தது, தீக்குச்சியைச் சுவரில் இழுத்தது போல. சிவப்புப் பசை அந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறமாகி உதிர்ந்திருந்தது. கீழ்ப்பக்கம் பசை புதுசாகவே இருந்தது. ஒரே பக்கத்தில் மட்டும் ஊதுகிறது என்றால் ரிங்கின் மேல் அழுத்தம் சமமாக இல்லை என்று பொருள். இந்த ஒரு குறிப்பு பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

அடுத்து ஊதுபத்தி. ஐடிலில் விட்டு, காலரைச் சுற்றி ஒரு விரல் தூரத்தில் மெல்லக் கொண்டுபோனால் புகை நேராக மேலே போகும். லீக் இருக்கும் இடத்தில் துடித்துத் துடித்து விலகும், சில துடிப்பில் உள்ளேயும் இழுபடும். கார்புரேட்டரில் பெட்ரோல் கசிவு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே பத்தியைக் கொளுத்த வேண்டும்.

சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை ப்ளோயர். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் டிடிசியில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருந்து காற்று சிலிண்டருக்குள் ஓடாது. சைலன்சர் வாலில் ப்ளோயர் மூக்கை வைத்து ஈரத்துணியால் சுற்றி அடைத்து மெதுவாக ஊதவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து பிரஷ்ஷால் தடவ வேண்டும். இந்த வண்டியில் மூன்று இடத்தில் நுரை வந்தது: காலரின் மேல் இடது பக்கம், சைலன்சர் அடிப்பக்கத் தையலில் ஒரு பொட்டுத் துளை, அதிலிருந்து ஒரு சாண் பின்னால் எபாக்ஸி அடைத்திருந்த ஓர் இடத்தின் விளிம்பு.

பி.எஸ்.4 வண்டிகளில் இந்த நேரத்திலேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு (ஹெட்டிலிருந்து புகை வெளியேறும் துளை) சுத்தமான காற்றை விடும் செகண்டரி ஏர் லைன் இருக்கிறது. அதன் ரீட் வால்வு உள்ளே போக மட்டும்தான் வழி விடும். பின்னாலிருந்து ஊதும்போது ஏர் ஃபில்டர் பெட்டிப் பக்கம் 'உஸ்' என்று கேட்டால் ரீட் வால்வு மூடவில்லை. இங்கே அந்தச் சத்தம் இல்லை. ஓட்டத்தில் அந்த ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் நெரித்துப் பார்த்தபோதும் பட்டாசு குறையவில்லை. அந்த லைன் குற்றமற்றது.

பட்டாசு எங்கிருந்து வருகிறது

லீக் என்றால் உள்ளிருப்பது வெளியே வருவது என்று நினைக்கிறோம். பைப்புக்குள் பாதிக்கதை எதிர்த்திசையில் நடக்கிறது. வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. பைப் அகலும் இடத்தில் அது பட்டு, குறைந்த அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. அந்த நொடித்துண்டில் காலர் இடைவெளி வெளிக்காற்றை உறிஞ்சும். ஊதுபத்திப் புகை உள்ளே இழுபட்டது இதனால்தான்.

ஆக்சிலேட்டரை விட்டதும் சிலிண்டரில் கலவை சரியாகப் பற்றாமல், எரியாத பெட்ரோல் ஆவி பைப்புக்குள் வருகிறது. அங்கே எரியப் போதுமான ஆக்சிஜன் சாதாரணமாக இருக்காது. லீக் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அடுத்த எரிப்பின் சூடு பட்டதும் 'பட்'. சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சைலன்சருக்குள் இருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அந்தச் சூட்டை வாங்குகிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 இன்ஜெக்ஷன் வண்டிகளில் இதே லீக் வேறு விதமாகக் கையைக் கடிக்கும். பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அதற்கு முன்னால் காற்று நுழைந்தால், கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்லும்; இசியு (பெட்ரோல் அளவை முடிவு செய்யும் மின்னணுப் பெட்டி) அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றும். பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி என்று செலவு வேறு பக்கம் போகும். கார்புரேட்டர் வண்டியில் இந்தச் சங்கிலி கிடையாது; ஆகவே லீக் அடைத்தால் மைலேஜ் ஏறும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

அவிழ்த்தபோது தெரிந்தவை

துருப்பிடித்த எம்6 நட்டை வந்த வேகத்தில் திருகினால் ஸ்டட் (ஹெட்டில் திருகி நிற்கும் தலையில்லாத போல்ட்) முறிந்து கையோடு வரும். முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு, காலையில் ஒருமுறை விட்டு, 10 டி-ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு அவிழ்க்கும் பக்கம் கால் சுற்று, மறுபடி இறுக்கு, மறுபடி அவிழ் என்று ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். சூடான பைப்பில் எண்ணெய் விடக்கூடாது, பற்றிக்கொள்ளும்.

இடது நட் வந்தது. வலது பக்கம் நட்டோடு ஸ்டட்டும் முறிந்தது, ஹெட்டுக்கு வெளியே 4 மி.மீ. துண்டு மிச்சம்.

பைப்பை இறக்குவதற்கு முன் செய்த ஒரு காரியம்தான் வழக்கைத் திருப்பியது. முன் நட் இரண்டும் இல்லாத நிலையில், பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில் இருக்கும் சைலன்சர் போல்ட்டை மட்டும் இறுக்கியே விட்டுப் பார்த்தார்கள். பெண்ட் பைப்பின் (ஹெட்டிலிருந்து வளைந்து வரும் முன்பைப்) வாய் போர்ட்டின் நடுவுக்கு 5 மி.மீ. கீழே தொங்கியது. அதாவது இத்தனை நாளும் மூன்று நான்கு கிலோ சைலன்சரைத் தூக்கிப் பிடித்திருந்தது இரண்டு எம்6 ஸ்டட். காலரின் கீழ்ப்பக்கம் இறுகி, மேல்ப்பக்கம் வாய் பிளந்து நின்றதன் காரணம் இங்கே இருந்தது. கரி வால் மேலே மட்டும் விழுந்ததும் இதனால்தான்.

பின் மவுண்டிங்கைப் பிரித்தால் ரப்பர் புஷ் நைந்து திரி திரியாக வந்தது. அதற்குள் இருக்க வேண்டிய இரும்பு ஸ்லீவைக் காணோம். எப்போதோ டயர் பஞ்சர் வேலைக்குக் கழற்றி மாட்டியபோது விழுந்திருக்கும். ஸ்லீவ் இருந்தால் போல்ட் ஸ்லீவை இறுக்கும், ரப்பர் சுதந்திரமாக அசையும். அது இல்லையென்றால் போல்ட் நேராக ரப்பரை நசுக்கும். சில மாதத்தில் ரப்பர் பிதுங்கி வெளியேறி, இரும்பும் இரும்பும் முட்டும்.

அந்த அசைவு எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 0.012 மி.மீ. நீள்கிறது. 60 செ.மீ. பைப் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் 2 மி.மீ.-க்கு மேல் நீளும். ஒவ்வொரு பயணத்திலும் போய் வரும் இந்த 2 மி.மீ.-ஐ ரப்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். ரப்பர் செத்துவிட்டால் அதை வாங்குவது செப்பு ரிங். புது ரிங் பத்துப் பதினைந்து நாள் தாங்கிப் பிறகு தோற்றதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால் ஒரு ரிங் தெரிந்தது. கொக்கிக் கம்பியால் நெம்பி எடுத்த பிறகும் உள்ளே ஒரு வளையம் பளபளத்தது. பார்வைக்கு ஹெட்டின் சீட் மாதிரியே இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லச் சுரண்டினால் செப்பு நிறம். அது பழைய ரிங், 1.6 மி.மீ.-க்கு நசுங்கி அலுமினியத்தோடு ஒட்டியிருந்தது. அதை எடுக்காமலே மேலே புதுசைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு ரிங் தடிமனால் காலர் வெளியே தள்ளி நின்றது. நட்டுக்கு மூன்று மரைதான் பிடித்தது. எம்6 சாதா நட் ஐந்து மரை பிடிக்க வேண்டியது. மூன்று மரையில் இறுக்கினால் மரை கழலத்தானே செய்யும்.

ஒட்டிய ரிங்கை எடுக்கும்போது உளியை வைத்து அடிக்கக்கூடாது. போர்ட் சீட் அலுமினியம், ஒரு வெட்டு விழுந்தால் அதுவே நிரந்தர லீக். கொக்கியை ரிங்கின் உள்விளிம்பில் மாட்டி, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் ரிங்கை மட்டும் ஹேக்ஸா பிளேடு துண்டால் முக்கால்வாசி அறுத்து உள்ளே மடக்கலாம். பழைய வண்டிகளின் ரிங்கில் செப்புக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அதைக் காயவைத்துச் சுரண்டவோ காற்றடிக்கவோ கூடாது. எண்ணெயோ தண்ணீரோ விட்டு நனைத்தே எடுக்க வேண்டும்.

காலரும் வளைந்திருந்தது. எஃகு ஸ்கேலை அதன் முகத்தில் காது முதல் காது வரை வைத்தால் நடுவில் 0.7 மி.மீ. ஃபீலர் நுழைந்தது. சத்தம் நிற்கவில்லை என்று இறுக்க இறுக்க, காதுகள் ஹெட் பக்கம் மடங்கி, நடுப்பகுதி ரிங்கை அழுத்தாமல் விலகியிருக்கிறது. வாழைப்பழக் காலர் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

முறிந்த ஸ்டட்

4 மி.மீ. வெளியே நிற்பது அதிர்ஷ்டம். அதன் மேல் ஒரு கறுப்பு எம்6 நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக உள்ளே வெல்ட் வைத்தார்கள். முலாம் பூசிய நட் வேண்டாம். துத்தநாகப் புகை காய்ச்சலை வரவழைக்கும், வெல்டும் நுரைக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவ் கழற்றப்பட்டது, சிடிஐ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பெட்டி) கப்ளர் பிடுங்கப்பட்டது, எர்த் கிளாம்ப் ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. வெல்ட் சிவப்பு போனதும், கை வைக்க முடியாத சூடு இருக்கும்போதே முன்னும் பின்னும் ஆட்டித் திருகினால் துருப்பிடிப்பு விடும். இரண்டாவது நட்டில் வந்துவிட்டது; முதல் வெல்ட் பிடிக்கவில்லை.

ஹெட்டோடு சமமாக முறிந்திருந்தால் வேலை இரட்டிப்பு. சரியான நடுவில் பஞ்ச், 3 மி.மீ. ட்ரில், பிறகு 5 மி.மீ. அலுமினியம் ஸ்டட்டைவிட மெத்தென்று இருப்பதால் ட்ரில் வழுக்கி அந்தப் பக்கம் ஓடும். கையில் பிடித்து அடிக்காமல், காலரையே கைடாக மாட்டி, அதன் ஓட்டையில் ஒரு புஷ் செருகி ட்ரில் செய்வது நல்லது. மரை போய்விட்டால் 6.3 மி.மீ. ட்ரில் செய்து எம்6 ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச்சுருள்) போடலாம். எம்8 ஸ்டட் உள்ள பெரிய வண்டிக்கு 8.3 மி.மீ.

இங்கே பழைய மரையை எம்6×1.0 டேப் விட்டுச் சுத்தம் செய்தால் போதுமாக இருந்தது. இரண்டு ஸ்டட்டும் புதிது. காப்பர் கிரீஸ் துளி வைத்து, இரட்டை நட் போட்டு உள்ளே ஓட்டி, அடியில் முட்டியதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இறுக்குவது ஹெட்டை விரிசல் விடவைக்கும் வழி. வெளி நட் பித்தளை. பித்தளை எஃகு ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது. அடுத்த முறை அவிழ்க்கிறவர் வாழ்த்துவார். ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட் போட்டால் நேர்மாறு: சூட்டில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

அழகுக்காக மூடிய தொப்பி நட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டட் நீளமாக இருந்தால் அதன் முனை தொப்பிக்குள் முட்டி நிற்கும். ஸ்பேனரில் நன்றாக இறுகியது போலத் தோன்றும், காலரோ ஆடும். போடுவதற்கு முன் நட்டை வெறும் ஸ்டட்டில் கையால் கடைசிவரை ஓட்டி, எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

காலர், வாய், ரிங்

காலரை வைஸில் பிடித்து நேராக்கி, முகத்தை அரத்தால் தட்டையாக்கி, 0.05 ஃபீலர்கூட நுழையாத அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வண்டியில் காலரைப் பைப்பிலிருந்து கழற்ற முடியாது, பைப் வாயின் விளிம்புக்கும் வளைவுக்கும் நடுவில் சிக்கியிருக்கும். ஆகவே பைப்போடு சேர்த்தே வைஸில் வைக்க வேண்டும், பைப் நெளியாமல்.

பைப் வாயில், ரிங் உட்காரும் முகத்தில் மார்க்கர் மை தடவி, கண்ணாடியில் ஒட்டிய 220 நம்பர் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்தால் பள்ளம் இருக்கும் இடத்தில் மை போகாமல் நிற்கும். மை முழுவதும் போகும்வரை தேய்த்தால் போதும். போர்ட் சீட்டை மட்டும் உப்புத்தாளால் தொடாமல், பித்தளை பிரஷ்ஷும் துணியும் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

ரிங் புதிது, ஒன்றே ஒன்று. முழுச் செப்பு ரிங்காக இருந்து, அவசரத்துக்குப் பழையதையே போட வேண்டிய நிலை வந்தால், அடுப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகும். எஃகைப் போலச் செப்பு தண்ணீரில் இறுகுவதில்லை. ஆனால் நசுங்கிப்போன தடிமன் காய்ச்சினால் திரும்பி வராது. உள்ளே நார் வைத்த ரிங்குக்கு இந்த வைத்தியமே கிடையாது.

பசை பற்றி

காலர் மேல் இருந்த சிவப்பு சிலிகோன் பசை முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் உயர்வெப்ப சிலிகோன் சுமார் 300 முதல் 350 டிகிரி வரை தாங்கும். லோடில் எக்ஸாஸ்ட் போர்ட்டை விட்டு வரும் கேஸ் 600 டிகிரிக்கு மேல். பசை அங்கே நிற்காது. நிற்பது போலத் தெரியும் சில நாளும் ரிங்கின் புண்ணியம். உதிரும் துண்டு உள்ளே போய் கன்வர்ட்டரில் அடைக்கும். ஆக்சிஜன் சென்சார் இருக்கும் வண்டியில் சாதாரண சிலிகோனின் ஆவி சென்சாரையே கெடுத்துவிடும். இரண்டு நிறத்தைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தண்ணீர்க் குழாய்க்குச் செய்த பொருள் அது.

சோடியம் சிலிகேட் கலந்த எக்ஸாஸ்ட் பேஸ்ட் உண்மையிலேயே சூட்டைத் தாங்கும், ஆனால் காய்ந்தால் பீங்கான் மாதிரி. அதிர்வில் விரிசல் விடும். பைப் தனி, சைலன்சர் தனி என்று ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துக் கிளாம்ப் போடும் வண்டியில் அதற்கு இடம் உண்டு: உள்பைப்பின் மேல் மெல்லப் பூசி, நுழைத்து, கிளாம்ப் இறுக்கி, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆறவிட வேண்டும். அங்கேயும் கிராஃபைட் அல்லது கம்பிவலை கேஸ்கட் கிடைத்தால் பேஸ்ட்டே வேண்டாம். கிளாம்பின் பிளவும் பைப்பின் பிளவும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கோட்டில் ஊதும். கிளாம்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் சரியாகும்.

அடைக்கக்கூடாத ஓட்டை

சைலன்சர் அடியில், வாலுக்கு ஒரு சாண் முன்னால் எபாக்ஸி வைத்து அடைத்திருந்தது கம்பெனியே போட்ட தண்ணீர்த் துளை. 2, 3 மி.மீ. தான் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடாவதற்குள் நிறுத்திவிடுவதால், உள்ளேயே தண்ணீராகி அடியில் தேங்கும். துளை அதை வடிக்கத்தான். அதிலிருந்து காலையில் கறுப்புத் தண்ணீர் சொட்டுவதும் கொஞ்சம் புகை வருவதும் கோளாறு இல்லை.

அந்தத் துளையை அடைத்ததன் பலன்தான் ஒரு சாண் முன்னால் தையலில் விழுந்த புதுத் துளை. தேங்கிய தண்ணீர் உள்ளிருந்தே தகரத்தை அரித்திருக்கிறது. எபாக்ஸியை எடுத்து 3 மி.மீ. ட்ரில்லால் துளை திறந்தபோது கால் டம்ளர் தண்ணீர் வந்தது.

துருத்துளையை நேராக வெல்ட் வைத்து மூட முடியாது. சுற்றிலும் தகரம் காகிதமாகியிருக்கும். ஆர்க் பட்டதும் துளை பெரிதாகும். சுத்தியலின் பின்முனையால் சுற்றித் தட்டிப் பார்த்து, கெட்டியான தகரம் தொடங்கும் இடம் வரை துருவைத் தேய்த்து வெள்ளையாக்கி, 16 கேஜ் தகரத்தில் 40×40 மி.மீ. துண்டு, மூலைகளை உருட்டி, வளைவுக்குத் தட்டி உட்காரவைத்து, நான்கு பக்கமும் டாக் (பொட்டு வெல்ட்) வைத்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினார்கள். துளை அல்லாமல் விரிசலாக இருந்தால், அதன் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்திய பிறகே வெல்ட். இல்லாவிட்டால் விரிசல் வெல்டைத் தாண்டி ஓடும். மேலே சைலன்சர் பெயின்ட். அது காய்வது வெயிலில் இல்லை, என்ஜின் சூட்டில்: பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுவதை மூன்று தரம்.

பூட்டிய வரிசை

புது ரப்பர் புஷ், உள்ளே புது ஸ்லீவ், வாஷர். பின் போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டினார்கள். புது ரிங் போர்ட்டிலிருந்து விழாமல் இருக்க நான்கு இடத்தில் பொட்டு கிரீஸ். பைப் வாயை நுழைத்ததும் எந்தத் தள்ளலும் இல்லாமல் நேராக உட்கார்ந்தது. இங்கே தூக்கவோ நெம்பவோ வேண்டியிருந்தால் நிறுத்திவிட வேண்டும். மவுண்டிங் இன்னும் சரியில்லை.

பித்தளை நட் இரண்டும் விரலால் ஓடும்வரை. பிறகு இடது அரைச் சுற்று, வலது அரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் காலருக்கும் ஹெட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் வெர்னியர் வைத்து அளவு. கடைசியில் இடது 3.4, வலது 3.5 மி.மீ. எம்6-க்கு 10 நியூட்டன் மீட்டர் என்றாலும், மரையில் காப்பர் கிரீஸ் இருப்பதால் 8-ல் நிறுத்தினார்கள். வழுக்கும் மரையில் அதே டார்க் ஸ்டட்டை அதிகம் இழுத்துவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் சின்ன டி-ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து, ரிங் நசுங்கும் மெத்தென்ற உணர்வு முடிந்து கெட்டியாகும் இடத்தில் நிறுத்தலாம். முன்பக்கம் முடிந்த பிறகுதான் பின் போல்ட் இறுக்கம். பின்னால் முதலில் இறுக்கிவிட்டு முன்னால் வந்தால், பைப்பை இழுத்து வளைக்கும் வேலை மறுபடி ஸ்டட் தலையில் விழும்.

பதினைந்து நிமிடம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு மறுபடி பார்த்தபோது இரண்டு நட்டும் எட்டில் ஒரு சுற்று வாங்கின. முதல் சூட்டில் ரிங் அமுங்கும், இது எதிர்பார்த்ததே. சூடாக இருக்கும்போது இறுக்கக்கூடாது.

ப்ளோயரும் சோப்பு நீரும் வைத்த மறுசோதனையில் காலரில் நுரை இல்லை, ஒட்டுத் தகரத்தில் இல்லை. தண்ணீர்த் துளையில் மட்டும் குமிழி, அது வரத்தான் வேண்டும். காலை ஸ்டார்ட்டில் 'டிக்' போய்விட்டது. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரை விட்டால் எப்போதாவது ஒரு மெல்லிய 'பப்'. செகண்டரி ஏர் லைன் உள்ள வண்டிகளில் அந்த அளவு இருக்கும், அதற்காகக் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தொடவில்லை. 500 கிலோமீட்டரில் நட் அசையவில்லை. 1,000-த்தில் காலர் இடைவெளி இரண்டு பக்கமும் மாறவில்லை, ஹெட் ஃபின்னில் துடைத்துவிட்ட இடத்தில் புதுக் கரி இல்லை.